சினகாக்கில் பெரியவர்களுக்கு ஹீப்ரு: ஐம்பது வயதில் ஏன் அரிச்சுவடி?

நியூஜெர்சியில் இருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சினகாக் (யூதர்களின் வழிபாட்டுக் கூடம்) இருக்கிறது. 'பெரியவர்களுக்கான ஹீப்ரு வகுப்பு, எழுத்தே தெரியாவிட்டாலும் வரலாம்' என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். யூதர்கள் சின்ன வயதிலேயே ஹீப்ரு படித்துவிடுவார்கள் என்றல்லவா நினைத்தேன்? பெரியவர்கள் போய் அங்கே என்ன படிக்கிறார்கள்? யூதர் அல்லாத நான் போனால் சேர்த்துக்கொள்வார்களா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள், விவரம் கீழே இருக்கிறது. நான் அமெரிக்காவில் ஒரு ரிஃபார்ம் (பழைய சட்டங்களைத் தளர்த்திக்கொண்ட பிரிவு) சினகாக்கில் இதே மாதிரி வகுப்பில் யூதர் அல்லாத விருந்தாளியாக உட்கார்ந்து படித்தவன். அப்புறம் சனிக்கிழமைக் காலை தோரா (பைபிளின் முதல் ஐந்து புத்தகங்கள்) படிக்கும் குழுவிலும் ஒட்டிக்கொண்டேன், இன்னும் போகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சின்ன வயதிலேயே படித்துவிடுவார்கள் என்பது பாதி உண்மை. பழைய சட்டங்களை அப்படியே கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களில் பிள்ளைகள் மூன்று நான்கு வயதிலேயே எழுத்து கற்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் அமெரிக்க யூதர்களில் பெரும்பாலானோர் ஆர்த்தடாக்ஸ் இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் சாதாரணப் பள்ளிக்குப் போய்விட்டு, சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ சினகாக் நடத்தும் ஹீப்ரு பள்ளிக்குப் போவார்கள், அதுவும் எதற்காக என்றால் 13 வயதில் வரும், பையன் சமயப் பொறுப்பேற்பதைக் குறிக்கும் பார் மிட்ஸ்வா விழாவுக்காக. அன்று சபை முன்னால் தோராவிலிருந்து சில வசனங்களை ராகத்தோடு வாசிக்க வேண்டும். பல பிள்ளைகள் பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்துதான் அதைக் கடந்துபோகிறார்கள். விழா முடிந்ததும் ஹீப்ருவும் முடிந்தது. முப்பது வருடம் கழித்துத் தன் பிள்ளையை அதே பள்ளியில் கொண்டுவந்து விடும்போது அப்பாவுக்கு ஆலெஃப், ஆயின் என்ற எழுத்துகளே குழம்புகின்றன. ஞாயிறு காலை பிள்ளைகள் ஒரு அறையில் படிக்கும் அதே நேரத்தில் பக்கத்து அறையில் பெற்றோருக்கு வகுப்பு வைக்கும் வழக்கம் வந்தது இதனால்தான்.

பெண்களின் கதை வேறு. அமெரிக்காவில் முதல் பாத் மிட்ஸ்வா (பெண் பிள்ளைகளுக்கான அதே விழா) என்று சொல்லப்படுவது நியூயார்க்கில் 1922 மார்ச் 18 அன்று நடந்தது. ரபி (யூத மதகுரு) மோர்டெகாய் கப்லான் தன் 12 வயது மகள் ஜூடித்தை சபை முன்னால் வாசிக்கச் சொன்னார். அப்போதும் அவள், தோலில் கையால் எழுதிய தோராச் சுருளிலிருந்து வாசிக்கவில்லை, மேடைக்குக் கீழே சற்றுத் தள்ளி நின்று, தன் அச்சுப் புத்தகத்திலிருந்துதான் வாசித்தாள். அது எல்லா இடத்துக்கும் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. அண்ணன் தம்பிக்கு ஹீப்ரு ஆசிரியர் வைத்த வீட்டில் தனக்கு ஒன்றும் கிடைக்காத பெண்கள் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள். பெரியவர்களுக்கான பார், பாத் மிட்ஸ்வா வகுப்புகளை நிரப்பியவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். எழுபது வயதுக்கு மேல் முதல்முறையாகச் சுருளின் முன்னால் நின்று வாசிக்கும் பாட்டியைப் பார்த்து முதல் வரிசையில் பேரப்பிள்ளைகள் அழுவதை நான் பார்த்திருக்கிறேன். அதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை.

சோவியத் நாட்டிலிருந்து வந்தவர்கள் இன்னொரு கூட்டம். அங்கே ஹீப்ரு சொல்லிக்கொடுப்பதே ஆபத்தான காரியம். யோசெஃப் பெகுன் என்பவர் மாஸ்கோவில் தனிப்பட்ட முறையில் ஹீப்ரு கற்பித்தார். அதை அரசு ஒரு வேலையாக ஏற்கவில்லை, வேலை செய்யாமல் இருக்கிறார் என்று குற்றம் சாட்டி 1977-ல் கைது செய்தது. பிறகும் கைதாகி, 1983-ல் ஏழாண்டு சிறையும், நாட்டுக்குள்ளேயே தொலைவான இடத்துக்கு ஐந்தாண்டு வெளியேற்றமும் விதிக்கப்பட்டு, 1987-ல்தான் வெளியே வந்தார். அந்தச் சூழலில் வளர்ந்து அமெரிக்கா வந்த பொறியாளர்கள், டாக்டர்களில் பலர் தங்கள் வாழ்நாளில் ஒரு ஹீப்ரு எழுத்தைக்கூடப் பார்த்ததில்லை. இவர்களோடு, யூத மதத்துக்கு மாறத் தயாராகிறவர்கள், யூதரைக் கல்யாணம் செய்துகொண்ட பிறமதத்தவர்கள் என்று எல்லாரும் ஒரே மேஜையில் உட்காருவார்கள்.

ஆனால் வகுப்புக்கு ஏன் வந்தீர்கள் என்று முதல் நாள் சுற்றிவரக் கேட்டால் அடிக்கடி வரும் பதில் வேறு: அப்பா இறந்துவிட்டார், அல்லது அம்மா. பெற்றோருக்காகப் பிள்ளைகள் பதினோரு மாதம் கதிஷ் என்ற ஜெபத்தைச் சொல்ல வேண்டும், அதுவும் தனியாக இல்லை, குறைந்தது பத்துப் பெரியவர்கள் கூடிய இடத்தில். "யித்கதல் வெயித்கதஷ் ஷ்மே ரபா" என்று அது தொடங்கும். மொழி பெரும்பாலும் அராமேயம், எழுத்து ஹீப்ரு. சாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை, முழுக்கக் கடவுளின் துதி. மற்றவர்கள் எல்லாம் வேகமாகச் சொல்லும்போது ஆங்கில எழுத்தில் அச்சிட்டதைப் பார்த்துத் தடுமாறிக்கொண்டு, எந்த இடத்தில் சபை "ஆமென்" சொல்கிறது என்று தெரியாமல் நிற்பது எப்படிப்பட்ட வேதனை என்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சொன்னார். அதற்காகவே வந்தார். ஆங்கில எழுத்து அட்டையைக் கைப்பையிலிருந்து எடுக்காமல் ஹீப்ரு பக்கத்தைப் பார்த்தே கதிஷை முழுதாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வகுப்பில் அவர் சொன்னபோது ஆசிரியர் அன்றைய பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டார்.

சரி, என்ன சொல்லித்தருகிறார்கள்?

எழுத்திலிருந்து தொடங்கும். மொத்தம் 22 எழுத்து, வலமிருந்து இடம். அதில் ஐந்து எழுத்துக்கு, சொல்லின் கடைசியில் வந்தால் வேறு வடிவம். எழுத்துப் பெயர்கள் உங்களுக்கு முற்றிலும் புதிது இல்லை. தமிழ் வேதாகமத்தில் சங்கீதம் 119-ஐத் திறந்தால் ஒவ்வொரு எட்டு வசனத்துக்கும் மேலே ஆலெப், பேத், கிமெல், தாலேத் என்று தலைப்புப் போட்டிருக்கும், அவை இந்த 22 எழுத்துகள்தான். மூலத்தில் அந்தந்தப் பகுதியின் எட்டு வசனமும் அந்த எழுத்திலேயே ஆரம்பிக்கும்.

எழுத்து குறைவு என்பதால் சுலபம் என்று நினைக்க வேண்டாம், ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். தாலேத்தும் ரேஷும் மேலே ஒரு கோடு, வலது பக்கம் இறங்கும் ஒரு கால், அவ்வளவுதான். தாலேத்தில் மூலை கூராக நீட்டிக்கொண்டிருக்கும், ரேஷில் வளைந்திருக்கும். ஷெமா என்ற அடிப்படைப் பிரார்த்தனையின் முதல் வரியில் கடைசிச் சொல் "எஹாத்", ஒருவர் என்று அர்த்தம். கடைசியில் இருக்கும் தாலேத்தை ரேஷாகப் படித்துவிட்டால் "அஹேர்", அதாவது வேறொருவர். கடவுள் ஒருவரே என்று சொல்ல வேண்டிய இடத்தில் தலைகீழாகிவிடும். தோராச் சுருளில் எழுத்தர்கள் அந்தத் தாலேத்தை மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக எழுதுவார்கள், குழப்பம் வராமல் இருக்கத்தான் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். எங்கள் ஆசிரியர் முதல் மாதத்திலேயே சுருளைத் திறந்து அந்த இடத்தைக் காட்டினார். அதற்கப்புறம் அந்த வகுப்பில் யாரும் தாலேத்தை மாற்றிப் படித்து நான் கேட்கவில்லை.

உயிர்க்குறிகள் எழுத்துக்குக் கீழேயும் மேலேயும் வரும் புள்ளிகளும் கோடுகளும். இவை பிறகு வந்தவை. பழைய எழுத்தில் மெய் மட்டும்தான். நம் பனையோலைச் சுவடிகளில் புள்ளி வைக்காமல் எழுதியதை விஷயம் தெரிந்தவர் இடம் பார்த்துச் சரியாகப் படித்தது போலத்தான் அங்கேயும். வாசிக்கும் மரபு மறந்துபோகாமல் இருக்க, கலிலேயாக் கடலோரம் இருந்த திபேரியாவில் அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து இந்தக் குறிகளை ஒழுங்குபடுத்தினார்கள். முழு ஹீப்ரு பைபிளும் குறிகளோடு இருக்கும் மிகப் பழைய கைப்பிரதி, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நூலகத்தில் இருப்பது, கி.பி. 1008-ம் ஆண்டைச் சேர்ந்தது. ஆனால் சினகாக்கில் வாசிக்கும் தோராச் சுருளில் இன்றும் உயிர்க்குறி கிடையாது, ராகக்குறி கிடையாது, வசன எண் கிடையாது. பெரியவர்கள் வகுப்பின் இரண்டாம் கட்டம் முழுக்க இதற்கான தயாரிப்புதான். ஒரு பக்கம் குறிகளோடும் பக்கத்தில் சுருளில் இருப்பது போலவே குறியில்லாமலும் அச்சிட்ட புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, குறியுள்ள பக்கத்தைப் பார்த்துப் படித்து, பிறகு குறியில்லாத பக்கத்தைப் பார்த்துச் சொல்லிப் பழக வேண்டும். ராகத்துக்கு "மெர்ஹா திப்ஹா முனாஹ் எத்னாஹ்தா" என்று குறிகளின் பெயரையே அவற்றின் ராகத்தில் பாடிப் பழகுவார்கள். கார் ஓட்டும்போதும் பாத்திரம் கழுவும்போதும் இதையே முணுமுணுத்துக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் அவர் அந்த வகுப்பில் இருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த வகுப்பு சில இடத்தில் ஒரு வருடம், சில இடத்தில் இரண்டு வருடம். முடிவில் குழுவாக ஒரு ஆராதனையை நடத்துவார்கள். ஆளுக்குக் குறைந்தது மூன்று வசனம் வருகிற மாதிரி பிரிப்பார்கள், ஒருவரைத் தோராவுக்கு அழைத்தால் மூன்று வசனத்துக்குக் குறைந்து வாசிக்கக் கூடாது என்று மிஷ்னா (பழங்கால யூதச் சட்டத் தொகுப்பு) காலத்திலிருந்தே விதி. சுருளின் தோல் மேல் கை படக் கூடாது என்பதால் நுனியில் சின்னக் கை வடிவம் வைத்த வெள்ளிக் குச்சியால் எழுத்தைத் தொடர்ந்து போக வேண்டும். அழைக்கும்போது ஹீப்ரு பெயர் சொல்லி, இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று அழைப்பார்கள். அந்தப் பெயர் என்னவென்று தெரியாமல் வயதான மாமாவுக்கும் அத்தைக்கும் போன் போட்டு விசாரிக்கிறவர்கள் உண்டு. மதம் மாறியவர்களை ஆபிரகாம், சாராளின் பிள்ளை என்று அழைப்பார்கள்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட வகுப்புகளில் பெரிய குறை, எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான். சத்தமாக வாசிக்கத் தெரியும், என்ன சொல்கிறோம் என்று தெரியாது. அர்த்தம் புரியாத வாசிப்பு வீண் என்று நான் சொல்லவே மாட்டேன், சபையோடு சேர்ந்து குரல் கொடுப்பதே அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் ஒரு வருடத்தில் அதுவும் மங்கிப்போகும். அடுத்தபடி, வேர்ச்சொல். ஹீப்ருவில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து வருகின்றன. கோஃப், தாலேத், ஷீன் என்ற வேர் புனிதம் சம்பந்தப்பட்டது. அதிலிருந்துதான் வெள்ளி இரவு திராட்சை ரசத்தின் மேல் சொல்லும் கித்தூஷ், பரிசுத்தம் என்ற கதோஷ், எருசலேம் ஆலயத்தைக் குறிக்கும் மிக்தாஷ், மேலே சொன்ன கதிஷ், அதன் இரண்டாவது சொல் "வெயித்கதஷ்" எல்லாம் வருகின்றன. ஜெபப் புத்தகத்தில் சொற்கள் திரும்பத் திரும்ப வருகிறவைதான். நல்ல ஆசிரியர் கிடைத்து இந்த மாதிரி நூறு வேர் பழகிவிட்டால் பக்கம் பேச ஆரம்பித்துவிடும். நீங்கள் சேருவதாக இருந்தால் இதை ஆசிரியரிடம் முதலிலேயே கேளுங்கள்: வாசிக்க மட்டுமா, இலக்கணமும் உண்டா?

இன்னொன்று, இதைப் படித்துவிட்டு டெல் அவிவில் போய்ப் பேசலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். பேச்சு ஹீப்ருவுக்கு உல்பான் என்ற தீவிர வகுப்பு தனியாக இருக்கிறது. இஸ்ரேல் உருவானதும் குவிந்த குடியேறிகளுக்காக 1949-ல் ஜெருசலேமில் முதல் உல்பான் தொடங்கியது. சில சினகாக்குகளும் அந்த முறையில் பேச்சு வகுப்பு நடத்துகின்றன. எழுத்து ஒன்றுதான், ஆனால் வேதாகம ஹீப்ருவின் வினைச்சொல் போக்கு வேறு.

எந்த மொழியிலும் ஜெபிக்கலாம் என்றால் ஏன் இத்தனை பாடு என்று கேட்கலாம். ஷெமாவையும், நின்று சொல்லும் முக்கிய ஜெபத்தையும், சாப்பாட்டுக்குப் பின் சொல்லும் நன்றியையும் எந்த மொழியிலும் சொல்லலாம் என்று மிஷ்னாவே சொல்கிறது. அமெரிக்க ரிஃபார்ம் யூதர்கள் அதை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள், 1890-களில் அவர்கள் வெளியிட்ட ஜெபப் புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போக்கு மாறியது. இஸ்ரேல் உருவானதும், மரபைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையும் அதற்குக் காரணம். 2007-ல் வந்த அவர்களுடைய ஜெபப் புத்தகத்தில் ஹீப்ரு மூலம், ஆங்கில எழுத்தில் ஒலிப்பு, மொழிபெயர்ப்பு மூன்றும் இருக்கும். ஆக, இன்றைக்கு அறுபது வயதாகும் ஒரு ரிஃபார்ம் யூதர் தாத்தா காலத்துச் சபையில் கேட்டதைவிட அதிக ஹீப்ருவை இப்போது எதிர்கொள்கிறார். படிக்காமல் எப்படி?

பெரிய வயதில் படிப்பது வெட்கமில்லையா என்ற கேள்விக்கு அந்த மரபிலேயே பதில் இருக்கிறது. தல்மூத் (மிஷ்னாவும் அதன் மேலான விவாதங்களும் சேர்ந்த பெரிய தொகுப்பு) காலத்தின் மிகப் பெரிய ஆசான்களில் ஒருவரான ரபி அகிவா நாற்பது வயது வரை எதுவும் படித்ததில்லை என்று ஒரு பழைய நூலில் வருகிறது. தன் மகனையும் கூட்டிக்கொண்டு எழுத்துச் சொல்லித்தரும் ஆசிரியரிடம் போனார், பலகையின் ஒரு முனையை அகிவா பிடித்துக்கொண்டார், இன்னொரு முனையை மகன் பிடித்துக்கொண்டான் என்று அதில் எழுதியிருக்கிறது. "கூச்சப்படுகிறவன் கற்க மாட்டான், கோபக்காரன் கற்பிக்க மாட்டான்" என்று பழங்கால ஆசான் ஹில்லேல் சொன்னதையும் இங்கே அடிக்கடி கேட்பீர்கள். படிப்பே ஒரு கடமை, அதற்கென்று தனி ஆசீர்வாத வாக்கியம் இருக்கிறது, வகுப்பு தொடங்கும்போது சொல்வார்கள்.

அதனால்தான் மொழி வகுப்பைத் தாண்டி, பாடம் படிக்கும் கூட்டங்களுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. 1920-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் தத்துவவாதி ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் பெரியவர்களுக்காக ஒரு கல்விக்கூடம் திறந்தார். படிக்க வந்தவர்கள் மரபிலிருந்து விலகிப்போன, நன்றாகப் படித்த நகரத்து யூதர்கள். ஆசிரியர்களிலும் ஒரு வேதியியலாளர், ஒரு டாக்டர் என்று தாங்களும் வெளியிலிருந்து திரும்பி வந்தவர்கள் இருந்தார்கள். ரபிகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்ததை, தெரியாது என்று சொல்லத் தயங்காதவர்கள் சேர்ந்து படிப்பது என்ற எண்ணம் அங்கே புது வேகம் பெற்றது. இடையில் நின்றுபோனதை, நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகு 1933-ல் மார்ட்டின் பூபர் மீண்டும் திறந்தார், 1938 வரை நடந்தது. அமெரிக்காவில் 1986-ல் ஃபுளோரன்ஸ் மெல்டன் என்ற ஒஹாயோக்காரப் பெண்மணி, பஞ்சு போன்ற ஃபோம் அடிப்பாகம் வைத்த வீட்டுச் செருப்பை உருவாக்கிப் பேர் வாங்கியவர், ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பெரியவர்களுக்கான இரண்டு வருடப் பாடத்திட்டம் ஒன்றைத் தொடங்கினார். ஆர்த்தடாக்ஸ் உலகத்தில் 1923-லிருந்து தல்மூதை ஒரு நாளைக்கு ஒரு தாள் வீதம், 2,711 தாள்களைச் சுமார் ஏழரை வருடத்தில் முடிக்கும் வழக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் போகும் சனிக்கிழமைக் குழு அவ்வளவு பெரிய கூட்டம் இல்லை. காபி, பேகல், மேஜை மேல் புத்தகங்கள். அந்த வாரப் பகுதியில் சில வசனம்தான் நகரும். ஆபிரகாம் மகனைப் பலியிடப் போகும் கதை வந்தபோது ஒரே வசனத்தில் ஒரு மணி நேரம் நின்றோம். "உன் புத்திரனும், உன் ஏகசுதனும், உன் நேசகுமாரனுமாகிய ஈசாக்கை" என்று தமிழில் இருப்பது மூலத்தின் வரிசைதான். ஏன் ஒரே மூச்சில் பெயரைச் சொல்லவில்லை? 1105-ல் இறந்த பிரான்சு நாட்டு உரையாசிரியர் ரஷி, பழைய தல்மூத் விளக்கத்தை எடுத்து, நடுவில் ஆபிரகாமின் பதில்களை நிரப்புகிறார். உன் மகனை. எனக்கு இரண்டு மகன்கள். உன் ஒரே மகனை. இவன் இவன் அம்மாவுக்கு ஒரே மகன், அவன் அவன் அம்மாவுக்கு ஒரே மகன். நீ நேசிக்கிறவனை. இருவரையும் நேசிக்கிறேன். ஈசாக்கை. அப்பா பேச்சை இழுத்தடிக்கிறார் என்றார் ஒருவர். இல்லை, கடவுள் மெதுவாகச் சொல்கிறார், அதிர்ச்சி வரக் கூடாது என்று ரஷியே காரணம் சொல்கிறார் என்றார் இன்னொருவர். இன்னொரு மகன் இஸ்மவேலின் அம்மாவைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று மூன்றாமவர் கிளப்ப, ஆராதனைக்கு மணி ஆகிவிட்டது. ரபி முடிவு எதுவும் சொல்லவில்லை, அவர்கள் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர் மடக்கிக் கேட்கும் ஹவ்ரூதா முறையும் இதே குணம் கொண்டதுதான். இதை ஒரு தடவையாவது அனுபவித்துப் பாருங்கள் என்று உங்களை வற்புறுத்துவேன்.

இப்போது நீங்கள் போவது பற்றி. ரிஃபார்ம் சினகாக்குகளிலும், ரிஃபார்முக்கும் ஆர்த்தடாக்ஸுக்கும் இடைப்பட்ட கன்சர்வேடிவ் சினகாக்குகளிலும் அறிமுக வகுப்புகளும் எழுத்து வகுப்பும் பொதுவாக எல்லாருக்கும் திறந்தவை. உறுப்பினர் அல்லாதவருக்குக் கட்டணம் கொஞ்சம் கூடலாம். ஆர்த்தடாக்ஸ் இடத்தில் ரபியிடம் கேட்டுவிட்டுப் போவது முறை. மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயமே வேண்டாம், மாற வருகிறவர்களையே உடனே ஏற்றுக்கொள்ளாமல் யோசிக்கச் சொல்வது அவர்கள் பழக்கம். பார் மிட்ஸ்வா குழுவில் மட்டும் யூதராக இருப்பது அவசியம், சுருளுக்கு அழைப்பது அவர்களுடைய சடங்கு.

திடீரென்று நுழையாதீர்கள். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் சினகாக்கில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு பல இடங்களில் கதவு பூட்டியிருக்கும், வாசலில் காவலர் இருப்பார். முன்கூட்டியே அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பெயரையும் ஏன் வர விரும்புகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள், முதல் நாள் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஆண்களுக்குத் தலையில் வைக்கும் சின்னத் தொப்பி வாசலிலேயே ஒரு பெட்டியில் இருக்கும். சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போனால், ரிஃபார்மில் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனால் கன்சர்வேடிவ், ஆர்த்தடாக்ஸ் இடங்களில் ஓய்வுநாளில் எழுதக் கூடாது, போனை வெளியே எடுக்கக் கூடாது. குறிப்பெடுக்க நினைப்பதை வீட்டுக்கு வந்து, இருட்டிய பிறகு எழுதிக்கொள்ளலாம். செஃபாரியா என்ற இலவசத் தளத்தில் அன்று படித்த வசனமும் ரஷி உரையும் ஹீப்ருவும் ஆங்கிலமுமாக அருகருகே கிடைக்கும்.

வகுப்புகள் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் வரும் யூதப் புத்தாண்டு, கூடாரப் பண்டிகை எல்லாம் முடிந்த பிறகுதான் தொடங்கும். அந்தச் சீசனில் அலுவலகத்தில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது, பதில் தாமதமானால் தப்பாக நினைக்காமல் இன்னொரு தடவை எழுதுங்கள்.